கோழிக்கு முன்னால் நான் குடித்த தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அப்படியிருந்தும் என் கையால் என்னென்ன ஆனது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு, அஸ்திவாரம் தவிர மற்றதெல்லாம் நானே கல் தூக்கிக் கட்டியது. ஒரு ஸ்பேனரும் ஒரு ரம்பமும் வைத்து ஆரம்பித்த தொழில் இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மேடவாக்கம் என்று இந்தப் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள், டிரம்மிலிருந்து இறங்கும் அரை இஞ்சு பைப்பையும் அதில் வரிசையாகத் தொங்கும் நிப்பிளையும். கோழி அலகால் தட்டினால் சொட்டு விழும். தட்டாவிட்டால் விழாது. தரை நனையாது, தண்ணீரில் எச்சம் விழாது, கொசு முட்டையிடாது. பெரிய பண்ணைகளில் மட்டும் இருந்த அந்தச் சாமானைப் பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்குத் தக்கபடி இங்கே கொண்டுவந்தவன் நான். எனக்கு முன்னால் உடைந்த சட்டியிலும் காலி பெயிண்ட் டப்பாவிலும்தான் எல்லோரும் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் முறை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் போய்ப் பைப் கேட்டபோது கடைக்காரர் எதற்கு என்று விசாரித்தார். கோழிக்கு என்றேன்.

"கோழிக்கு பைப் லைனா? அப்ப வாஷ்பேசினும் ஒண்ணு எடுத்துக்கினு போ. கை அலம்பும்."

கடையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்த அதே ஆள் பிறகு தன் மாமியார் வீட்டுக் கோழிக்கு லைன் போட என்னைத்தான் கூப்பிட்டார். போனேன். வாஷ்பேசின் எங்கே வைக்க என்று கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கோழி வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள். அவர்கள் ஒரு கையேடு போடுகிறார்கள். "அங்கிள், உங்க அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, கடைசில போட்டுடலாம்" என்றார்கள். எழுதுமுன் கையேடு எப்படியிருக்கிறது பார்ப்போம் என்று வாங்கிப் புரட்டினேன். ஏழாம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. அதனால் இரண்டு பக்கத்தில் முடியாது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

தொழில் கற்ற கதை சுருக்கமானது. மேடவாக்கத்துக்குப் பின்னால் அப்போது ஒரு கோழிப் பண்ணை இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் அபார்ட்மெண்டுகளும் வாசலில் தண்ணீர் லாரிகளும் நிற்கின்றன. இருபது வயதில் அங்கே தண்ணீர் ஊற்றுகிற வேலைக்குச் சேர்ந்தேன். கிணற்றிலிருந்து இறைத்து, குடத்தில் சுமந்து, தகரத் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். தீனி போடுகிறவனுக்கு மரியாதை உண்டு, முட்டை பொறுக்குகிறவனுக்கு மரியாதை உண்டு, தண்ணீர்க்காரனை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். இரண்டு வருஷம் சுமந்தேன். பிறகு முதலாளி எங்கேயோ பார்த்துவிட்டு வந்து பைப்பும் நிப்பிளும் போட்டார். போட வந்த ஆட்களோடு கூடவே இருந்து, அவர்கள் போவதற்குள் மொத்த வேலையையும் கண்ணாலேயே படித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் படிப்பு.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்லக்கூடாது. கன்னியப்பன் மேஸ்திரி. பண்ணையின் தண்ணீர் முழுவதும் அவர் பொறுப்பு. ஒல்லியான ஆள். பேச்சு மிகவும் குறைவு. இடுப்பு அரைஞாணில் ஒரு சின்ன பித்தளை டம்ளரைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். நடக்கும்போது அது சாவிக்கொத்தில் இடித்து ஓசை வரும். அந்த ஓசை கேட்டதும் பீடி பிடித்துக்கொண்டிருந்தவனெல்லாம் தொட்டி தேய்க்க ஆரம்பித்துவிடுவான்.

அந்த டம்ளரில்தான் அவர் தண்ணீரைப் பிடித்துக் குடித்துப் பார்ப்பார். கிணற்றில் அல்ல, தொட்டியில் அல்ல. ஷெட்டுக்குள் போய், குனிந்து, கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நிப்பிளை விரலால் அழுத்தி, சொட்டுச் சொட்டாக டம்ளர் பாதி நிறையும் வரைக்கும் பொறுமையாக இருந்து, பிறகு குடிப்பார். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குவார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனால் தண்ணீர் சரி என்று அர்த்தம்.

நிப்பிள் போட்ட புதிதில் நான் ஒருநாள் கேட்டேன். "மேஸ்திரி, கோழி குடிக்கிற தண்ணிய நாம எதுக்கு குடிக்கணும்?"

"கோழி வந்து சொல்லுமாடா உன்கிட்ட, தண்ணி நல்லா இல்லன்னு?"

"சொல்லாது."

"அப்ப நீ குடி. கோழி குடிக்கிற எடத்துல குடி. கோழி குடிக்கிற நேரத்துல குடி. கோழிக்கு முன்னாடி குடி."

மூன்று சொன்னார். நான் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அதன் பலன் என்ன என்று பின்னால் வரும்.

அவர் கோபம் எப்படியிருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கத் தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அது பெரிய சடங்கு மாதிரி நடக்கும். விடிகாலையில் லைனை மூடிக் கோழிகளைக் கொஞ்ச நேரம் தாகத்தோடு வைக்க வேண்டும். தண்ணீரில் முதலில் பால் பவுடரைக் கரைக்க வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தித் திறந்து, கலக்கி, வெயில் ஏறுமுன் கொடுத்து முடித்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கவே கூடாது. இருந்தால் மருந்து செத்துவிடும். வெறும் பாலைக் கொடுத்த மாதிரிதான்.

ஒரு தடவை கிணறு வற்றிப்போய்ப் பண்ணைக்கு லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மருந்து கொடுக்கும் நாளன்று நான் அந்தத் தண்ணீரைப் பெரிய டிரம்மில் நிரப்பிப் பால் பவுடரும் கரைத்துத் தயாராக வைத்துவிட்டேன். கால்நடை டாக்டர் வந்து நிற்கிறார். முதலாளி நிற்கிறார். மேஸ்திரி வந்து டம்ளரில் எடுத்துக் குடித்தார். துப்பினார். என்னைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்மின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து அப்படியே சாய்த்தார். மொத்தப் பாலும் முதலாளியின் செருப்பை நனைத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனது.

முதலாளி, "இன்னா மேஸ்திரி இது?" என்றார்.

"பிளீச்சிங் வாசன அடிக்குதுங்க" என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான். ஒரு குடத்தை எடுத்து என் தோளில் வைத்தார், இன்னொன்றைத் தன் தோளில் வைத்துக்கொண்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த விவசாயக் கிணற்றுக்கு எனக்கு முன்னால் நடந்தார். எத்தனை நடை நடந்தோமோ தெரியாது. வெயில் ஏறுமுன் மருந்து கொடுத்து முடித்தோம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பண்ணை மூடியதும் அவர் தன் மகள் வீட்டுக்குச் செங்கல்பட்டு போய்விட்டார். பிறகு காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் மட்டும் தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எந்த வீட்டில் லைன் போட்டாலும், வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் முன்னால் டிரம் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துக் காட்டுவேன். "நான் குடிச்சிட்டேன், இனிமே உங்க கோழி குடிக்கலாம்" என்பேன். ஜனங்களுக்கு அது பிடித்துவிட்டது. தண்ணி குடிக்கிற ஏழுமலை என்றே பேர் வந்தது. நானும் அதில் மிதந்துகொண்டிருந்தேன்.

இப்போது எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு வருகிறேன்.

டீச்சர் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகும் தெருவில் சொந்த வீடு. கணவர் தவறிவிட்டார். ஒரே மகன் டேனியல், இன்ஜினியர், மேடவாக்கத்தில் எட்டாவது மாடியில் குடியிருந்தார். டீச்சரிடம் பதினான்கு கோழிகள். காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டியிருப்பார். சாயங்காலம் கூண்டில் அடையும்போது கையில் நோட்டோடு நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று அட்டெண்டன்ஸ் எடுப்பார். வராத கோழிக்கு ஆப்சென்ட் போடுவார். நான் சிரித்தால், "பதினாலுல ஒண்ணு வேலிய தாண்டிப் போச்சுன்னா உங்களுக்கு எப்படித் தெரியும் ஏழுமலை?" என்பார்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம் டீச்சர் வீட்டில் லைன் போட்டேன். அதுவரைக்கும் கொய்யா மரத்தடியில் இரண்டு மண்சட்டிகளில் தண்ணீர் வைத்திருந்தார். சட்டியில் இலை கிடந்தது, மண் கிடந்தது, ஒரு கோழி அதற்குள் காலை வைத்துக்கொண்டு நின்றது. "இன்னா டீச்சர், கணக்கு சொல்லிக் குடுத்தவங்க வூட்லயே இப்டி கீதே" என்று சொல்லி அந்தச் சட்டிகளை நானே எடுத்து மதிலோரம் கவிழ்த்தேன். குளியலறைத் தளத்தின்மேல் டிரம்மை ஏற்றினேன். அங்கிருந்து மேற்கு பார்த்த மதிலை ஒட்டி இருபது அடிக்கு பைப் இழுத்தேன். கோழியின் கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி நிப்பிள் வைத்தேன். கடைசியில் மூடி போட்டு இறுக்கினேன். மட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு நூல் அளவு பிசகில்லை. டம்ளரில் பிடித்துக் குடித்துக் காட்டினேன். டீச்சர் பத்துக்குப் பத்து என்றார். பத்தாண்டு வேலையில் எனக்குக் கிடைத்த முதல் மார்க்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஆறாம் நம்பர் செத்தது. இரண்டு நாள் கழித்து மூன்றாம் நம்பர். பிறகு பன்னிரண்டு.

தெருவில் எல்லோரும் வெள்ளைக்கழிச்சல் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். டேனியல் காரில் வந்தார். நான் அப்போது பின்பக்கம் நிப்பிள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், பேச்சு காதில் விழுந்தது.

"அம்மா, ப்ளீஸ். இது போதும்மா. தனியா இருந்துகிட்டு, செத்த கோழியப் புதைச்சுகிட்டு. நீ அங்க வந்துடு."

"உன் வீட்ல நான் என்னடா செய்வேன், லிஃப்ட்ல ஏறி ஏறி இறங்கவா?"

"இங்க மட்டும் என்ன செய்யற?"

"பதினாலு பேருக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறேன்."

"பதினொண்ணு" என்றார் மகன்.

டீச்சர் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, ஒரு ஒப்பந்தம்" என்றார். "ரெண்டு வாரம் பார்ப்போம். பத்துக்குக் கீழ போச்சுன்னா மிச்சத்த யாருக்காவது குடுத்துட்டு வீட்டைப் பூட்டிட்டு வர்றேன். போகலன்னா, இந்தப் பேச்ச இனிமே எடுக்கக்கூடாது."

நான் டீச்சரைப் பற்றி அறிந்தவன். அவர் சொன்னால் சொன்னதுதான். அப்போது இருந்தது பதினொன்று.

அரசு கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். செத்த கோழியை அறுத்தும் பார்த்தார். "கழிச்சல் மாதிரி தெரியல. தீனிப்பை காஞ்சு கெடக்கு. தண்ணி குடிக்குதான்னு பாருங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "சார், தண்ணி லைன் நான் போட்டது" என்றேன்.

"அதனால என்ன?"

"அதனாலதான் சார். தண்ணில குறை இருக்காது." சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே டிரம்மைத் திறந்து ஒரு டம்ளர் குடித்தேன். காலை ஏழு மணி. தண்ணீர் சில்லென்று இருந்தது. டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் டீச்சர் வீட்டு டிரம்மில் தண்ணீர் குடித்தேன். அடைப்பு இல்லை, நாற்றம் இல்லை. ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தட்டினேன். எல்லாம் சொட்டியது. வெயில்தான் காரணம், வேறொன்றுமில்லை என்று டீச்சரிடம் அடித்துச் சொன்னேன்.

டீச்சர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கணக்கு தப்பா வந்தா கடைசி வரியவே பார்த்துகிட்டு நிக்காதன்னு பிள்ளைங்ககிட்ட சொல்வேன், ஏழுமலை. மொத வரிலேர்ந்து வரணும்."

"மொத வரி தண்ணி டிரம்மு டீச்சர். அது சரியா கீது."

மறுநாள் ஏழாம் நம்பர் போய்விட்டது. இருந்தது பத்து.

அதற்கடுத்த நாள் மத்தியானம் டீச்சரிடமிருந்து போன் வந்தது. ஒன்பதாம் நம்பர் நிற்க முடியாமல் படுத்துவிட்டது என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் போனை வைக்க மறந்துவிட்டார், பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் சோற்றில் கை வைத்திருந்தேன். அப்படியே எழுந்து கிளம்பினேன். செம்பாக்கத்திலிருந்து சிட்லபாக்கம் வரைக்கும் தலைமேல் நெருப்பு. போனதும் டீச்சர் ஒன்பதாம் நம்பரைக் கூடையில் போட்டுச் சமையலறையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். அலகைத் திறந்து திறந்து மூடியது. நாக்கு வறண்டு கிடந்தது. எனக்கும் தொண்டை வறண்டிருந்தது. பின்பக்கம் போனேன். டிரம்முக்கு ஏறப் பொறுமையில்லை. மதிலோரம் பைப்பண்டை உட்கார்ந்து, கடைசி நிப்பிளுக்குக் கீழே டம்ளரை வைத்து அழுத்தினேன். பாதி நிறைந்ததும் வாயில் ஊற்றினேன்.

நாக்கு சுட்டது.

டீக்கடையில் ஆற்றாமல் கொடுத்த டீ மாதிரி இருந்தது. துப்பிவிட்டுப் பைப்பைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை. எதிரில் ஒரு கோழி வந்தது. நிப்பிளை ஒரு தட்டுத் தட்டியது. தலையை உதறிக்கொண்டு பின்னால் போய் வாயைப் பிளந்து நின்றது. சற்றுப் பொறுத்து இன்னொன்று வந்தது, அதுவும் அதே மாதிரி. எத்தனை நாளாக இப்படி வந்து வந்து போயினவோ.

கோழி குடிக்கிற இடத்தில் குடி, கோழி குடிக்கிற நேரத்தில் குடி. பண்ணையில் லைன் முழுதும் கூரை நிழலில் இருந்தது. தொட்டித் தண்ணீரும் நிப்பிள் தண்ணீரும் ஒன்றுதான், காலையும் மத்தியானமும் ஒன்றுதான். அதனால் அந்த முதல் இரண்டும் எனக்குத் தேவைப்படாமல் போய் நாளடைவில் உதிர்ந்துவிட்டன. இங்கே பைப் போனது மேற்கு வெயில் அடிக்கும் மதிலில். டிரம்மும் திறந்த வெயிலில். மூடி போட்டு இறுக்கிய பைப்புக்குள் தண்ணீர் நகராமல் நின்று கொதித்தது. காலை ஆறு மணிக்கு வந்து ஜில்லென்று குடித்துவிட்டு நான் மார் தட்டிக்கொண்டிருந்தேன். அதுகள் குடித்துக்கொண்டிருந்த நல்ல தண்ணீரை, அந்த மண்சட்டிகளை, மதிலோரம் கவிழ்த்ததும் நானே.

டீச்சரிடம் போனேன். "நான்தான் டீச்சர்" என்றேன்.

"என்ன நீங்கதான்?"

"நாலு கோழியையும் நான்தான் கொன்னது. தண்ணி கொதிக்குது. வாயில வைக்க முடியல."

டீச்சர் கூடையருகில் உட்கார்ந்து ஸ்பூனால் ஒன்பதாம் நம்பரின் அலகோரத்தில் பானைத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பூன் முடிந்ததும், "மொத வரி கிடைச்சிடுச்சில்ல. இனிமே போடுங்க" என்றார்.

அன்றைக்குக் கவிழ்த்த சட்டிகளைக் கழுவி மறுபடி கொய்யா மரத்தடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்பது கோழிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து குடித்தன. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. டீச்சர், சட்டியே இருக்கட்டும், பைப்பைப் பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் என் தொழில் அன்றோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை.

முதலில் டிரம்மை இறக்கி மாமர நிழலில் ஒரு உயரமான மேடைமேல் வைத்தேன். பைப்புக்கு ஈரச் சாக்கைச் சுற்றினேன். ஒரு மணிக்குள் சாக்கு காய்ந்து மொறமொறவென்று ஆகிவிட்டது. பிறகு பைப்பின் பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைத்தேன். நிப்பிள் இருக்கும் பகுதியைப் புதைக்க முடியாதே, அது சுட்டது. பைப்பின் கடைசி மூடியைக் கழற்றிவிட்டால் மட்டும் பழைய தண்ணீர் ஓடி டிரம்மின் குளிர்ந்த தண்ணீர் வந்தது. கால் மணி நேரத்தில் அதுவும் சுட ஆரம்பித்தது. டீச்சர் கால் மணிக்கொருதரம் வெயிலில் வந்து குனிந்து மூடியைக் கழற்ற முடியுமா? முடியாது.

மூன்றாம் நாள், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் நிற்பதால்தானே சுடுகிறது, நிற்காமல் செய்தால் என்ன என்று தோன்றியது. டீச்சரிடம் ஊசி கேட்டேன். அடுப்பில் காய்ச்சி மூடியில் ஓர் ஓட்டை போட்டேன். சொட்டியது. சொட்டு போதவில்லை, பைப் சுட்டது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். இப்போது சொட்டாக இல்லாமல் தையல் நூல் மாதிரி மெல்லிசாக ஒழுகியது. கடைசி நிப்பிளில் பிடித்துக் குடித்தேன். மத்தியானம் இரண்டு மணி. நாக்கு சுடவில்லை.

டீச்சர் டம்ளரை வாங்கி அந்த நூலுக்குக் கீழே வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். பத்து மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும்னா தொண்ணூறு டம்ளர். அவ்ளோ தண்ணிய தரையில விடுவீங்களா? சிட்லபாக்கத்துல இருக்கறீங்க ஏழுமலை, திருநெல்வேலில இல்ல."

நியாயம்தான். வேலியோரம் ஒரு வாழைக்கன்று வாடி நின்றது. இன்னும் நாலடி பைப்பை நீட்டி அந்த நூலை வாழையடியில் விழும்படி விட்டேன். மூடிக்கு முன்னால் ஒரு சின்ன வால்வு. காலை பத்துக்குத் திறப்பது, நாலுக்கு மூடுவது. கோழிக்குக் குளிர்ந்த தண்ணீர், வாழைக்கு மிச்சத் தண்ணீர். நூல் விழுவது தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும், அதனால் லைன் ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்க்கக் குனியவே வேண்டாம்.

ஒன்பதாம் நம்பர் மறுநாள் எழுந்து நின்றது. அதற்கு மறுநாள் சமையலறையில் எச்சம் போட்டது. டீச்சர் அதைத் துடைக்குமுன் எனக்குப் போன் செய்து சொன்னார்.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை டேனியல் வந்தார், நானும் போயிருந்தேன். சாயங்காலம் டீச்சர் நோட்டை மகன் கையில் கொடுத்து, "நீயே எடு" என்றார். அவர் ஒவ்வொன்றாக வளையத்தைப் பார்த்துக் குறித்தார். ஒன்பது வந்தன. நாங்கள் மூன்று பேரும் கூண்டு வாசலைப் பார்த்தோம். ஒன்பதாம் நம்பரைக் காணவில்லை. டீச்சர் மட்டும் அசையாமல் வாழைப் பக்கம் கையைக் காட்டினார். வாழையடியில் ஈரமண்ணில் குழி பறித்துக்கொண்டு அது சுகமாக உட்கார்ந்திருந்தது.

"பத்து" என்றார் டேனியல். பிறகு அம்மாவைப் பார்த்து, "சரிம்மா" என்றார். மேடவாக்கம் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. டீச்சர் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். இப்போது இருபத்திரண்டு பேருக்கு அட்டெண்டன்ஸ்.

டேனியல் அன்று டார்ச் அடித்து அந்த லைனை முழுக்கப் பார்த்தார், போட்டோ எடுத்தார். அதன் பிறகு நான் போட்ட லைன் எல்லாவற்றிலும் நூல்தண்ணீர் உண்டு, கடைசியில் ஒரு வாழையோ பப்பாளியோ உண்டு. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசி நிப்பிளில் குடித்துப் பார்க்காமல் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை.

இப்போது ஏழாம் பக்கத்துக்கு வருகிறேன். அதில் டீச்சர் வீட்டு லைன் அழகான படமாக இருக்கிறது. டிரம், பைப், நிப்பிள், வால்வு, வாழை எல்லாம் அம்புக்குறியோடு. அடியில், வடிவமைப்பு ஜே. டேனியல் என்று போட்டிருக்கிறது. டேனியலும் அந்தக் குழுவில் இருக்கிறார். அவர் டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தபோது நேரில் போய்க் கேட்டேன்.

"இன்னா தம்பி இது?"

"அங்கிள், டிசைன்னா ட்ராயிங் போடறவங்க பேர்தான் வரும். உங்க பேரு நன்றி பக்கத்துல இருக்கு, பாருங்க."

பார்த்தேன். கூட்டத்துக்கு டீ சப்ளை செய்தவருக்கும் ஷாமியானா போட்டவருக்கும் நடுவில் ஏழுமலை, பிளம்பர் என்று இருந்தது.

"ஊசி காய்ச்சினது யாரு தம்பி?"

"நீங்கதான் அங்கிள். யாரு இல்லன்னது?"

டீச்சர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். "டேனி, நீ போட்டது ஃபேர் காபி. கணக்குப் போட்டது ஏழுமலை. ஃபேர் காபிக்கு நான் எத்தன மார்க் குடுப்பேன்?"

"அம்மா, ப்ரிண்டுக்குப் போகப் போகுதும்மா."

"போகலல்ல?"

போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கையேட்டுக் குழுவில் உள்ள பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். உங்களுக்கு ஒரு வரியை மாற்றுவது பெரிய வேலை இல்லை. படம் வரைந்தது டேனியல் என்று போடுங்கள், அது நல்ல படம், எனக்கு அப்படி வரைய வராது. தண்ணீரைக் குடித்துப் பார்க்கும் முறை கன்னியப்பன் மேஸ்திரியுடையது என்று போடுங்கள், அவர் சொன்ன மூன்றையும் விடாமல் போடுங்கள். நாலு நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்ற கணக்கு எஸ்தர் டீச்சருடையது.

மூன்று, ஆறு, ஏழு, பன்னிரண்டு என்ற நான்கு கோழிகளும் செத்தது செம்பாக்கம் மு. ஏழுமலை போட்ட லைனால் என்று போடுங்கள். மிச்சம் பத்தும் பிழைத்தது செம்பாக்கம் மு. ஏழுமலை போட்ட ஓட்டையால் என்று அதற்குக் கீழேயே போடுங்கள். இரண்டும் ஒரே எழுத்து அளவில், ஏழாம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் போட நான் சம்மதிக்க மாட்டேன்.